தாடியும் தைலமும்

தாடிக்கு எண்ணெய் இடுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக சகோதரர்கள் முகம் சுளிக்கக்கூடும். சமுதாயத்தில் கல்விப் பிரச்சினை இருக்கிறது, வேலைப் பிரச்சினை இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு இவர் மயிருக்கும் எண்ணெய்க்கும் வந்துவிட்டாரே என்று கேட்கவும் கூடும். காரணம் இருக்கிறது. சென்ற ரமலானில் ஒரு வாலிபர் கேட்ட கேள்விக்கு நான் தகாத விடை சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்பொழுது எழுதுகிறேன்.

தராவீஹ் முடிந்து, சூராவின் வாசற்படியில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். தெப்ராவ் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். கையில் ஒரு பை. பையில் மூன்று குப்பிகள். "மாமா, உங்கள் தாடி நன்றாக இருக்கிறது. இந்த மூன்றில் எந்த எண்ணெய் தாடிக்கு நல்லது? இது 60 வெள்ளி, இது 45 வெள்ளி" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்தேன். மோவாயில் எண்ணிவிடக்கூடிய சில முடிகள், கன்னத்தில் ஒன்றுமில்லை. "முதலில் தாடி வரட்டும் தம்பி, எண்ணெயைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் தராவீஹுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த இரண்டு இரவும் எனக்கு உறக்கம் சரியாக இல்லை. ஒருவரையொருவர் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கலாம் என்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரித்திருப்பதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். ஓதிய வாய்தான் அதைச் சொன்னது.

இனி கேள்விக்கு வருவோம். தாடிக்கு எண்ணெய் தேடுவது அலங்காரப் பித்தா, அல்லது மார்க்கம் விரும்பும் காரியமா?

முடி உள்ளவர் அதைக் கண்ணியமாக வைத்துக்கொள்ளட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. தலையும் தாடியும் சிதறிய கோலத்தில் பள்ளிவாசலுக்குள் வந்த ஒருவரை, வெளியே போய்ச் சீர்செய்து வரும்படி அவர்கள் கையால் சைகை காட்டினார்கள் என்ற செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. நாயகம் எண்ணெய் இட்டிருக்கும்போது அவர்களுடைய ஒருசில நரைமுடிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அறிவித்ததை முஸ்லிமில் காண்கிறோம். ஸைத்தூன் எண்ணெயை உண்ணவும் உடலில் பூசவும் சொன்ன செய்தி திர்மிதியில் வருகிறது. ஆகவே எண்ணெய் இடுவதைப் பித்து என்று ஒதுக்கிவிட வழியில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. நாள் தவறாமல் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருப்பதை நாயகம் தடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்றார்கள். எளிமை ஈமானைச் சேர்ந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஃபழாலா இப்னு உபைத் (ரலி) எகிப்தில் அதிகாரியாக இருந்தபோது அவரைப் பார்க்கப் போன தோழர் ஒருவர், பதவியில் இருக்கும் நீங்கள் இப்படிப் பரட்டைத் தலையோடு இருக்கலாமா என்று கேட்டார். மிகுதியான சொகுசை நாயகம் எங்களுக்குத் தடுத்திருக்கிறார்கள் என்று அவர் விடை சொன்னார். ஒரே தாடியைப் பற்றி இரண்டு விதமான போதனை இருப்பதுபோல் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்பது என் எண்ணம். இஹ்யாவில் தூய்மையைப் பற்றிய பகுதியில், தாடி விஷயத்தில் வெறுக்கத்தக்க காரியங்களை அவர் வரிசைப்படுத்துகிறார். முதியவர் என்ற மரியாதை சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று கந்தகத்தால் தாடியை வெளுப்பாக்கிக்கொள்வோர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள்! பிறர் பார்க்க வேண்டும் என்று தாடியைச் சீவுவதையும் அதே பட்டியலில் சேர்க்கிறார். பெரிய துறவி என்று பிறர் எண்ண வேண்டும் என்பதற்காகச் சீவாமல் விடுவதையும் அதே பட்டியலில் சேர்க்கிறார். சீப்பை எடுத்தவனும் குற்றவாளி, எடுக்காதவனும் குற்றவாளி. இருவரும் செய்தது ஒரே காரியம் என்பது அவர் தீர்ப்பு. ஆதலால் எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு முன்னால், யாருக்காக எண்ணெய் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் தேவையானதைக் கொடுப்பது ஒன்று. ஸஃப்பில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவருக்கு அருவருப்பு உண்டாகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இவ்விரண்டும் போக மிஞ்சுவது கண்ணாடிக்காகச் செய்வது.

தேவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை கேட்டது அதைத்தானே.

தெப்ராவ் ஆற்றோரம் மிளகும் கம்பீரும் விளைந்த காலம் போயிற்று. அப்புறம் ரப்பர் வந்தது. பல தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. தோட்டக் காலத்து வீட்டில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் இருக்கும். சமையலுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான், தாடிக்கும் அதுதான், பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் அதுதான். இன்று ஒரு கடையில் தாடிக்கென்றே பத்துப் பதினைந்து வகை அடுக்கியிருக்கிறார்கள். வாங்குகிறவன் திகைக்காமல் என்ன செய்வான்?

தேங்காயெண்ணெயைப் பழையது என்று தள்ளிவிட வேண்டாம். 2003இல் பம்பாய் ஆராய்ச்சியாளர் இருவர், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் இட்டுச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காயெண்ணெய் ஒன்றுதான் கணிசமாகக் குறைத்தது. அதன் பாதியளவான லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே ஊடுருவக்கூடியது என்பதுதான் காரணம். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த முடிவைப் பலர் ஏற்றிருக்கிறார்கள். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். ஊரில் மார்கழியில் போத்தலை வெயிலில் வைத்து உருக்கியது நினைவிருக்கும். ஜொகூரில் குளிரூட்டிய அறையில் வைத்தாலொழிய அந்தத் தொல்லை இல்லை. முகத்தில் பரு வரும் தேகத்தினருக்கு இது ஒத்துக்கொள்ளாது. துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஹோஹோபா ஏற்றது. மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் உள்ள பாலைநிலச் செடியின் வித்திலிருந்து வருவது அது. உண்மையில் அது எண்ணெயே அன்று. திரவ நிலையிலுள்ள மெழுகு. மனிதத் தோல் தானாகச் சுரக்கும் கொழுப்பிலும் இத்தகைய மெழுகு உண்டு என்பதால், பிசுபிசுப்பு இல்லாமல் படிந்துவிடுகிறது. 1970களில் திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்தபின் அதன் இடத்தைப் பிடித்தது இந்தச் சிறிய வித்துதான். ஆர்கான் எண்ணெய் மொராக்கோவிலிருந்து வருகிறது. அங்குள்ள பர்பர் இனப் பெண்கள் கொட்டையைக் கல்லால் உடைத்து எடுப்பது. அந்த மரக்காடுகளை யுனெஸ்கோ 1998இல் பாதுகாக்கப்பட்ட உயிர்க்கோளப் பகுதியாக அறிவித்தது. வறண்டு முரடான தாடியை இணக்குவதற்கு நல்லது, விலைதான் இணங்காது. வாதுமை எண்ணெய் ஏறக்குறைய அதே வேலையைக் குறைந்த விலையில் செய்கிறது.

விளக்கெண்ணெய் கெட்டியானது. அடங்காமல் நாலு பக்கமும் நிற்கும் தாடிக்கு, வேறு எண்ணெயோடு சில துளி கலந்து தடவலாம். தனியாகத் தடவினால் தலையணை உறைக்கு யார் பதில் சொல்வது?

தாடிக்கடியில் வெள்ளைப் பொடி உதிர்வதைப் பலர் வறட்சி என்று எண்ணிக்கொண்டு மேலும் மேலும் எண்ணெய் விடுகிறார்கள். அது பொடுகாக இருந்தால் எண்ணெயே அதற்கு உணவு. தோலில் வாழும் மலாஸீஸியா என்னும் நுண்ணிய பூஞ்சை, கொழுப்பமிலங்களைத் தின்று வளர்கிறது. ஸைத்தூன் எண்ணெயும் இதற்கு விலக்கல்ல. அத்தகையவர் பொடுகுக்கான மருந்திட்டுக் கழுவிச் சுகமான பிறகே எண்ணெய்ப் பக்கம் வரவேண்டும். ஸைத்தூன் பரக்கத்தான மரத்திலிருந்து வருவதாயிற்றே என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். தேனும் பரக்கத்தானதுதான், நீரிழிவுக்காரர் அதைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறாரா?

எந்த எண்ணெயானாலும் குளித்து ஈரம் வற்றுமுன் நாலைந்து துளியை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் அடித்தோல் வரையில் படும்படி தடவினால் போதும். அத்தர் வேண்டுமானால் கொஞ்சமாக. பூண்டும் பச்சை வெங்காயமும் தின்றவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நாயகம் சொன்னது பக்கத்தில் நிற்பவர் படும் தொல்லையை எண்ணித்தான். ஸஜ்தாவில் பக்கத்துக்காரருக்குத் தலைவலி உண்டாக்கும் வாசனையும் எனக்கு அந்தக் கணக்கில்தான் படுகிறது.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள் நம்மவர்களுக்கென்றே உள்ளவை. உளூவின்போது அடர்ந்த தாடியின் வெளிப்பக்கத்தைக் கழுவினால் கடமை நிறைவேறும். விரல்விட்டுக் கோதுவது சுன்னத்து. தோல் தெரியும் மெல்லிய தாடியாயின் தண்ணீர் தோல் வரை செல்ல வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். எண்ணெயின் பசை மட்டும் இருந்து, தண்ணீர் அதன்மேல் ஓடினால் உளூவுக்குக் குறைவில்லை என்று இமாம் நவவி (ரஹ்) தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் இப்பொழுது தாடியை விறைப்பாக நிறுத்த மெழுகு விற்கிறார்கள். அது படலமாகப் படிந்து தண்ணீரைத் தடுத்தால் முதலில் அதை அகற்றித்தான் ஆகவேண்டும். ஐந்து வேளையும் அகற்றிக்கொண்டிருக்கப் பொறுமை உள்ளவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள், இஹ்ராமில் இருக்கும்போது வாசனையில்லாத எண்ணெயைக்கூடத் தலையிலும் தாடியிலும் இடுவது நம் மத்ஹபில் தடை என்பதை மறந்து பையில் குப்பியை வைத்துக்கொள்கிறார்கள். பயணத்துக்கு முன்பே ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, அந்தப் பிள்ளையின் மூன்று குப்பிகளுக்கு வருகிறேன். பெருநாள் கழித்து அவர் தங்கியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் வைத்தே, "தம்பி, நான் அன்று சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் பதறிப்போய், "அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா" என்று உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேநீர் போட்டார். ஒன்றுமில்லாமல் இல்லை. பேச்சு வளர்ந்தபோது சொன்னார்: தாடியில்லாதவன் இமாமாக நிற்கலாமா என்று வேலையிடத்தில் ஒருவர் கேலி செய்தாராம்; ஊரில் பெண் பார்க்கிறார்களாம், பிள்ளைக்குத் தீன் பற்று உண்டா என்று புகைப்படத்தைப் பார்த்துக் கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் இந்தக் குப்பிகள். மூன்றிலும் தாடி வளரும் என்று எழுதியிருந்தது. ஒன்றின்மேல் சுன்னத்து என்ற சொல்லும் பெரிதாக இருந்தது. அதைத் தடவினால் கன்னம் எரியும் என்றார். எரிந்தால்தான் வேர் விழிக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். முகர்ந்து பார்த்தேன், கிராம்புத் தைலத்தின் நெடி. சரியாகக் கலந்து நீர்க்கப்படாத தைலத்தைத் தோலில் இட்டால் எரியத்தான் செய்யும். கன்னத்தில் சிவந்த தடிப்பு அப்போதும் இருந்தது.

தாடி வளர்வது பரம்பரையையும் உடலில் சுரக்கும் ஹார்மோனையும் பொறுத்தது. சிலருக்கு இருபதில் அடர்கிறது, சிலருக்கு முப்பதில், சிலருக்கு ஒருபோதும் இல்லை. எண்ணெய் இருக்கிற முடியைப் பேணும். இல்லாத முடியை முளைக்கச் செய்யாது. தலை வழுக்கைக்குத் தரும் மினோக்ஸிடில் மருந்து வேறு சங்கதி; அதை மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. இது விற்பவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. நாயகத்தின் வழிமுறையைக் குறிக்கும் சொல்லைக் குப்பியில் ஒட்டி, ஒரு வாலிபனின் வெட்கத்தை 60 வெள்ளிக்கு விற்பது என்ன வியாபாரம்? அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. பொய்யான வாக்குறுதியும் அளவையில் சேர்ந்ததுதான் என்று நான் கருதுகிறேன்.

அவருக்குக் கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். அன்ஸாரிகளின் தலைவர் ஸஅத் இப்னு உபாதாவின் மகன். நாயகத்திடம் ஒரு மன்னரிடம் காவற்படைத் தலைவர் இருப்பதைப் போன்ற இடத்தில் இருந்தவர் என்று புகாரியில் வந்திருக்கிறது. பின்னாளில் அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் எகிப்தின் ஆளுநர். கொடையிலும் மதிநுட்பத்திலும் அரபுகள் எடுத்துக்காட்டாகச் சொன்ன மனிதர். அவருக்குத் தாடி முளைக்கவேயில்லை. எங்கள் செல்வத்தைக் கொடுத்தாவது கைஸுக்கு ஒரு தாடி வாங்க முடிந்தால் நன்றாயிருக்குமே என்று அன்ஸாரிகள் சொல்வார்களாம் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கூஃபாவில் நீண்டகாலம் நீதிபதியாக இருந்த ஷுரைஹ் (ரஹ்) அவர்களும் அப்படியே. அவருடைய தீர்ப்பை, கன்னத்தைப் பார்த்து யாரும் மறுக்கவில்லை. "அந்தக் காலத்தில் இந்தக் கடை இருந்திருந்தால் அன்ஸாரிகள் ஏமாந்திருப்பார்கள், மாமா" என்று சொல்லிப் பிள்ளை முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பிறகு அவர் என் வீட்டுக்கு வந்து போவது வழக்கமாயிற்று. ஒருநாள் அஸருக்குப் பிறகு நான் தாடி வாரிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த தூரிகை. மரப்பிடி, அடர்ந்த மயிர், பார்க்கவே அழகு. சிறு கிண்ணத்தில் விலையுயர்ந்த ஆர்கான் எண்ணெயை ஊற்றி, தூரிகையை அதில் தொட்டுத் தொட்டு வாருவேன். ஆறேழு மாதப் பழக்கம். அவருடைய வேலை தொழிற்சாலையில் பெட்டிகளின் ஒட்டுச்சீட்டைச் சரிபார்ப்பது. கண் பழக்கத்தில், மேசைமேல் கிடந்த தூரிகையின் அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "மாமா, இதில் பன்றி மயிர் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறதே" என்றார்.

பன்றி அல்லது நாயின் எந்தப் பகுதியால் செய்த பொருளானாலும் அதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று மலேசியாவில் 2013இல் ஓர் ஆணை வந்தது. 2017 பிப்ரவரியில் கடைகளில் 2,000க்கு மேற்பட்ட வண்ணத் தூரிகைகளை அதிகாரிகள் கைப்பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்து, நம் மக்கள் இவ்வளவு கவனமில்லாமல் இருக்கிறார்களே என்று இதே சூராவின் வாசற்படியில் நின்று நான் பேசியிருக்கிறேன். என் பெட்டியில் எழுத்து பொடியாக இருந்தாலும் இல்லாமல் இல்லை. படித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிடியின் மினுமினுப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

உலர்ந்த பொருள் உலர்ந்த பொருளில் பட்டால் அசுத்தம் ஒட்டாது. ஆனால் என் விஷயத்தில் எண்ணெய் இருந்ததே. ஹஜ்ரத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். தாடியையும் கையையும் ஏழு முறை கழுவச் சொன்னார், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். கிண்ணத்து எண்ணெயைக் கழுவித் தூய்மையாக்க வழியில்லை, கொட்டிவிடுங்கள் என்றார். அறியாமல் தொழுத தொழுகைகளைப் பற்றிக் கேட்டதற்கு நேரில் வரச் சொன்னார்.

தூரிகையைப் புதைத்தோம். எண்ணெயைக் கொட்டினோம். புழக்கடையில் வாழை மரத்தடியில் பிள்ளை ஒரு பிடி மண் எடுத்து வாளியில் கரைத்துக் கொடுக்க, நான் குனிந்து கழுவிக்கொண்டேன். அவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாகிவிட்டது என்று நான் நிமிர்ந்தபோது, "இல்லை மாமா, ஆறுதான் ஆகியிருக்கிறது" என்று சொல்லிக் குழாயை மறுபடியும் திறந்துவிட்டார்.